மேனேஜர் கண்டுபிடித்த நிறுத்தடி

பெருந்துறையில் ஒரு கல்யாணப் பந்தி. இரண்டாம் தடவை சாதம் விழுந்து, எல்லோரும் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க, இந்த வருசம் கும்மியில புதுசா ஒரு அடி வந்திருக்குதுல்லங்க, நிறுத்தடின்னு. அது ஒரு நாய்கிட்ட இருந்து வந்ததாமாங்க."

"எந்த நாய்ங்க?"

"அது தெரியலீங்க. கோயமுத்தூர்ப் பக்கமாம். சீக்கு வந்த நாயாம்."

அதற்குள் ரசம் வந்துவிட்டது. அவர் நாயைப் பாதியில் விட்டுவிட்டு ரசத்தைக் கவனிக்கப் போனார். அந்த இடைவெளியில், எனக்கு மறுபக்கம் இருந்தவர் புகுந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. செப்பேட்டுல இருந்து எடுத்த அடிங்க அது. நானூறு வருசமாச்சு."

அவருக்கு அடுத்தவர், இது பாலக்காட்டுக்காரர்களிடம் நாம் சுட்டது என்றார். அவர்கள் நம்மிடம் சுட்டதைத்தான் நாம் திருப்பிச் சுட்டோம் என்று செப்பேட்டுக்காரர் திருத்தினார். பாயசம் வருவதற்குள் ஒரே ஒரு அடிக்கு நான்கு பூர்வீகம் ஆகிவிட்டது. எனக்கென்னவோ நாய்தான் பிடித்திருந்தது. செப்பேட்டைப் போய்த் தேட வேண்டும். நாய் என்றால் அதுவே வாசலுக்கு வந்து விசாரிக்கும்.

கும்மி தெரியாதவர்கள் இந்தச் சீமையில் இப்போது இல்லை. வாரம் முழுக்கச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவர்களும், பனியன் கம்பெனிக்குக் கணக்கெழுதுகிறவர்களும், பேரன் பேத்தி எடுத்தவர்களும் சனி ஞாயிறு சாயங்காலம், பொழுதோடு, ஏதாவது ஒரு மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூடுகிறார்கள். வாத்தியார் மைக்கில் பாட, மேளம் அடிக்க, வட்டம் சுற்றுகிறது. சில மாதம் பழகிய பிறகு கோயில் மைதானத்தில் ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம். முடிவில் வாத்தியாருக்குத் துண்டு போர்த்துவார்கள். அது வாத்தியாருக்குப் பத்மஸ்ரீ மாதிரி. ஒருவர் தன் வீட்டு ஷோகேஸில் துண்டுகளை மடித்து அடுக்கி உள்ளே லைட் போட்டு வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நிறுத்தடி என்பது இதுதான். மூன்று அடி முன்னால் வைக்க வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் ஒரு கைத்தட்டு. நான்காவது அடிக்குக் கால் மேலே போகும், கீழே வராது. தட்டும் கிடையாது, மேளமும் கிடையாது. அந்த ஒரு மூச்சு நேரம் நூறு பேர் ஒற்றைக்காலில் நின்று, தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்ப்பார்கள். பிறகு கால் இறங்கும், தட்டு விழும், வட்டம் நகரும். செல்போனில் பார்க்கும்போதே என்னவோ செய்யும். யாரோ பின்தங்கிவிட்டார்கள், அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும். பயிற்சியில் எடுத்த வீடியோ பரவி, அரங்கேற்றத்துக்கு முன்னாலேயே நாலு ஊர் வாத்தியார்கள் இந்த அடியைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

விசாரிக்கக் கிளம்பினேன். முதலில் போய் நின்றது சூலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், ஐயாசாமி வீட்டு வாசலில். அந்த ஊர்க் கோயில் திருவிழாவை நடத்தும் நோம்பிக் கமிட்டிக்குத் தலைவர். ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வரலாற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். வரலாறு எதிர்த்துப் பேசாததால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. பங்குனி நோம்பிக்கு அவர் ஊர் மைதானத்தில்தான் நிறுத்தடியின் அரங்கேற்றம்.

"செப்பேடுன்னு சொல்றாங்களேங்க, அது எங்கீங்க இருக்குது?"

"பத்திரமா இருக்குதுங்க."

"ஒருக்காப் பாக்கலாமுங்களா?"

"பத்திரமா இருக்கறத எப்படீங்க பாக்கறது?"

அவரே இரக்கப்பட்டு வழி சொன்னார்.

"அந்த அடியத் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நம்ம காளிச்சாமி வாத்தியாருங்க. இருகூர்ப் பிரிவுல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கறாப்ல. போய்ப் பாருங்க. கடையில நாய் ஒண்ணு இருக்கும், பாத்துப் போங்க."

நான் பார்த்துத்தான் போனேன்.

போகிற வழியில் சிங்காநல்லூர் பேக்கரியில் தேங்காய் பன் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போய் ஒருவரிடம் உண்மையைக் கேட்பது நன்றாக இருக்காது.

காளிச்சாமியின் கடை எரிந்துபோன மோட்டார்களின் ஆஸ்பத்திரி. உள்ளே கருகிய கம்பிச் சுருள்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கிணற்றுக்குத் திருப்பி அனுப்புவார். கடையில் மெத்தை போட்ட நல்ல நாற்காலி ஒன்றே ஒன்று. ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருந்தது. அதில் ஒரு பழுப்பு நாட்டுநாய் படுத்திருந்தது. மூஞ்சி நரைத்து, ஒரு காது மடிந்து, கழுத்தில் ஒரு சதுரம் மட்டும் மயிர் சிரைத்து. சுருள் மாட்டும் கொக்கியில் சலைன் பாட்டில் தொங்கியது. அதிலிருந்து இறங்கிய குழாய் அந்தச் சதுரத்துக்குள் போயிற்று. மோட்டார் கொண்டுவந்த விவசாயிகள் இருவர் அந்த நாற்காலியைச் சுற்றி மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"இவருதானுங்க மேனேஜர்" என்றார் காளிச்சாமி.

குட்டியாகத் தெருவில் இருந்து வந்த அன்றைக்கே அந்த நாற்காலியில் ஏறிப் படுத்ததாம். வருகிறவர்கள் எல்லோரும் பில் கேட்க நாற்காலியைப் பார்ப்பார்கள். மேனேஜர் கொட்டாவி விடுவார். காளிச்சாமி தொகையைச் சொல்லுவார். பேரம் பேச யாருக்கும் மனசு வராது. பதினொரு வருடத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டில் யாரும் நாயை அது இது என்பதில்லை. காளிச்சாமியின் மனைவி தெய்வாத்தாள் ஒருமுறை நாய் டாக்டரின் கிளினிக்குக்கு ஃபோன் போட்டு, "அவரு காத்தால இருந்து தண்ணிகூடக் குடிக்கலீங்க, எந்திரிக்கவே மாட்டேங்கறாருங்க" என்றிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பெண் பதறிப்போய், "பெரியவருக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டாளாம். "பதினொண்ணு முடிஞ்சுதுங்க." ஆகவே நானும் இந்தக் கட்டுரையில் மரியாதைக் குறைவாக எழுதப்போவதில்லை.

மேனேஜர் மூக்கை மட்டும் தூக்கினார். பார்வை என் பையில் வந்து நின்றது. வால் நாற்காலியின் கையை ஒரு தடவை தட்டியது.

"ஏனுங்க, பையில பன்னுங்களா?" தெய்வாத்தாள் உள்ளிருந்து வந்தார். "அத மொதல்ல வெளிய வண்டீல வெச்சுப்போட்டு வாங்க. அவருக்கு ஆகாதுங்க."

மேனேஜருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்க்கொண்டிருந்தன. அதோடு பின்னங்கால்களில் பலமும். உப்பில்லாத சோறு, பூசணிக்காய், முட்டையின் வெள்ளைக்கரு, தினம் ஒரு பாட்டில் சலைன். பதினொரு மணி டீக்கு அரைத் தேங்காய் பன் என்று அதுவரை இருந்த சம்பளம் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் தப்புப் பண்ணியவன் போல ஆகிவிட்டேன். பக்கத்தில் குனிந்து, "நல்லானதும் ஒரு முழுப் பன் நான் வாங்கித் தாரனுங்க" என்று வாக்குக் கொடுத்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பேச்சை அவர் பிறகு மறக்கவே இல்லை.

பன்னை வண்டியில் வைத்துவிட்டு வந்து விஷயத்துக்கு வந்தேன்.

"நிறுத்தடி எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அது பழைய அடிங்க" என்றார் காளிச்சாமி. மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எவ்வளவு பழசுங்க?"

"ரொம்பப் பழசுங்க."

சலைன் முடிந்திருந்தது. தெய்வாத்தாள் ஊசியை எடுத்துவிட்டு, மேனேஜரை இடுப்போடு தூக்கிக் கீழே விட்டார். அவர் வாசலுக்குக் கிளம்பினார். சிமெண்டுத் தரையில் நகம் பட்டுக் கேட்டது: டக், டக், டக். நான்காவதற்குப் பின்னங்கால் மேலே போயிற்று. அப்படியே நின்றது. மேனேஜர் தலையைத் திருப்பி, காளிச்சாமி இருக்கிறாரா என்று பார்த்தார். கால் இறங்கியது. டக், டக், டக். நின்றார். பார்த்தார்.

நான் காளிச்சாமியைப் பார்த்தேன். விவசாயிகள் இருவரும் மேற்கூரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

"டீ சொல்றனுங்க" என்றார் காளிச்சாமி.

டீ வந்த பிறகு எல்லாம் வந்தது.

காளிச்சாமிக்கு ஒரு தொழில் வழக்கம். கம்பி சுற்றும் கைமெஷினில் எத்தனை சுற்று என்று அவர் எண்ணுவதில்லை, பாடுவார். இந்தப் பாட்டு இத்தனை சுற்று என்று கைக்கும் வாய்க்கும் ஒரு ஒப்பந்தம். இருபத்தைந்து வருடமாகத் தப்பியதில்லை. கும்மி வாத்தியார் ஆனதே அப்படித்தான். கடையில் பாடியதைக் கேட்டு ஒருத்தர் கூட்டிப்போய் மைக்கைக் கையில் கொடுத்தார். ஆனால் பாட்டும் அடியும் எல்லாம் மற்றவர்களுடையது. பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு 'ஜெராக்ஸ் வாத்தியார்' என்று பட்டம் போட்டார். எழுபது பேர் அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். காளிச்சாமி வணக்கம் வைத்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்தார்.

"அன்னைக்கிருந்து புதுசா ஒண்ணு பண்ணிப்போடோணும்னு உக்காந்து பாக்கறனுங்க. ஒண்ணும் வல்லீங்க. வந்தாலும் எங்கியோ கேட்டதாத்தான் இருக்குது. அந்தச் சமயத்துல இவருக்கு சீக்கு வந்துருச்சு."

கடைக்குள்ளே மேனேஜர் நடை மாறியது. காளிச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் காதை மூட முடியாதே. டக், டக், டக், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் மெஷின் சுற்றுகிற கை நின்றுவிடும். விழுந்துவிட்டாரா என்று மூச்சு நிற்கும். மறுபடி டக் என்று கேட்டால்தான் கை சுற்றும், வாயில் பாட்டு வரும். இப்படி நின்று நின்று சுற்றியதில் சுற்றுக் குறைந்து, ஒரு தோட்டத்து மோட்டார் போன வேகத்தில் எரிந்து திரும்பி வந்தது.

"ஏப்பா காளிச்சாமி, பாட்ட மாத்தீட்டியா?" என்று கேட்டாராம் தோட்டக்காரர்.

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பாட்டு மாறித்தான் இருந்தது. நிற்கிற இடம் ஒன்று புதிதாக உள்ளே வந்திருந்தது. அது யாருடைய பாட்டிலும் இல்லாதது. அன்று பொழுதோடு மேனேஜருக்குப் பின்னால் அவரும் கடை நீளத்துக்கு நடந்து பார்த்தார். மூன்று அடி, ஒரு நிறுத்தம், ஒரு திரும்பிப் பார்த்தல். மூன்றாவது நடையில் வார்த்தையும் வந்துவிட்டது.

*முன்னால போறவரே, சித்த நின்னு*
*பின்னாலும் பாத்துப் போங்க.*

"பொம்பளைங்ககிட்ட, கல்யாணமாகி முன்னால நடந்து போற புருசனப் பாத்துப் பொஞ்சாதி பாடறதுன்னு சொன்னனுங்க" என்றார்.

தெய்வாத்தாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்காக ஒரு பாட்டுக் கட்டுனதில்ல இந்த மனுசன்" என்றார். "இவரு வாயில பாட்டா வரோணும்னா மேனேஜராத்தான் பொறக்கோணும்."

"சரீங்க, இத வெளிய சொல்றதுக்கு என்னங்க?"

"எப்படீங்க சொல்றது? நூறு பேரு. ஒவ்வொருத்தரும் பச்சைச் சேலை எடுத்து ரவிக்கை தெச்சு வெச்சிருக்கறாங்க. அவுங்ககிட்டப் போயி, நீங்க ஆடறது சீக்கு நாயோட நொண்டி நடைங்கன்னு சொன்னா, அந்தச் சேலையிலயே என்னையக் கட்டிப் போட்டிருவாங்க. அதனால பழைய அடின்னேன். பழசுன்னு மட்டுந்தானுங்க சொன்னேன். செப்பேடு ஐயாசாமி அண்ணன் அவராப் போட்டுக்கிட்டாரு."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மேனேஜருக்குச் சில நாள் வலது கால் மக்கர் பண்ணும், சில நாள் இடது. அதன்படி வகுப்பிலும் அடி மாறியது. வட்டத்தில் முதலாவதாக நிற்கும் நித்யஸ்ரீ கேட்டே விட்டாள். ஐடி கம்பெனியில் பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு உத்தியோகம்.

"ஏனுங்க மாமா, எந்தக் காலத் தூக்கறதுங்க? போன வாரம் வலதுன்னீங்க, இந்த வாரம் எடதுங்கறீங்க. செப்பேட்டுல ரெண்டுமா போட்டிருக்குது?"

"அது அன்னன்னைக்கு நெலவரத்தப் பொறுத்துதுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு, காளிச்சாமி மேளக்காரரைப் பார்த்து அடிக்கச் சொன்னாராம்.

அவர் மனசை உண்மையில் அரித்த வெசனம் வேறு. மாட்டாஸ்பத்திரிக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கும் இளம் டாக்டர் கிருபாசங்கர், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "பங்குனி தாண்டறது கொஞ்சம் சிரமந்தானுங்க" என்று சொல்லியிருந்தார்.

"அரங்கேத்தம் பங்குனியிலீங்க" என்றார் காளிச்சாமி. "முடிஞ்சதும் எனக்குத் துண்டு போடுவாங்க. இந்த அடிக்குத்தான் போடுவாங்க. அடி அவருதுங்க. அவரு இல்லாத எடத்துல நின்னு அவரு துண்ட நான் வாங்கறதுன்னா, அந்த வாட்ஸ்அப்பு ஆளு சொன்னது சரியாப் போயிருமுங்க."

மேனேஜர் வாசலில் போய்ப் படுத்து, என் வண்டியில் இருந்த பொட்டலத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அரங்கேற்ற நாளில் காலையிலிருந்தே மேனேஜர் எழுந்திருக்கவில்லை. பூசணிச் சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. காளிச்சாமி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். மைதானத்தில் இருந்து ஐயாசாமி ஃபோனுக்கு மேல் ஃபோன். கிருபாசங்கர் வந்து பார்த்தார். கண் இமையைத் தூக்கினார், ஈறை அழுத்தினார், சலைனை மாட்டினார்.

"என்னங்க டாக்டர், இவர இப்படி உட்டுப்போட்டு நான் எப்படீங்க போறது?"

"உட்டுப்போட்டு ஏனுங்க போறீங்க? கடையில படுத்தாலும் சலைன்தான், வண்டீல படுத்தாலும் சலைன்தான். கூட்டீட்டுப் போங்க. பாட்டில் முடிஞ்சதும் ஊசிய எடுத்தர்றதுக்கு நம்ம அக்காவுக்குத்தான் தெரியுமே."

மோட்டார் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் ஜமக்காளம் விரித்தார்கள். நாற்காலி மெத்தை போயிற்று, அதன் மேல் மேனேஜர் போனார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணச் சேலையில் தெய்வாத்தாள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வழியில் பார்த்தவர்கள் சீர்வண்டி என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள்.

மைதானத்தில் ஐயாசாமி வைத்த பிளெக்ஸ், "நானூறு ஆண்டுகளாக மறைந்திருந்த நிறுத்தடி" என்று இரண்டு ஆள் உயரத்தில் அறிவித்தது. செப்பேட்டின் படம் என்று ஒன்று போட்டிருந்தார்கள். அது யாரோ வீட்டுக் கதவின் பித்தளைத் தகடு போலத்தான் எனக்குத் தெரிந்தது. வண்டியை மேடைக்குப் பின்னால், சவுண்டு செட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மேடைக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் தளத்தில் பச்சைச் சேலை வட்டம் இரண்டு சுற்றாக நின்றது. காளிச்சாமி நடுவில் போய் மைக்கைப் பிடித்தார்.

முதல் பாட்டு சாமிக்கு. அடுத்து இரண்டு மூன்று பழைய பாட்டுகள். நன்றாகத்தான் போயிற்று. ஆனால் வாத்தியாரின் கண் வட்டத்தில் இல்லை, சவுண்டு செட்டுக்கு மேலே தெரிகிற சலைன் பாட்டிலில் இருந்தது. பாட்டில் நிமிர்ந்திருந்தால் குரல் நிமிரும். தெய்வாத்தாளுக்குக் கை வலித்துப் பாட்டில் இறங்கினால் சுருதியும் இறங்கும். மேளக்காரர் என்ன ஏது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் அடித்துச் சமாளித்தார்.

கடைசிப் பாட்டு. நிறுத்தடி.

*முன்னால போறவரே, சித்த நின்னு...*

மூன்று தட்டு. நான்காவதில் நூறு கால்கள் மேலே. மேளம் இல்லை, தட்டு இல்லை. கூட்டத்தில் குழந்தைகூட அழவில்லை.

அந்தச் சத்தமில்லாத இடத்தில், சிமெண்டுத் தளத்தில் நகம் படுகிற சத்தம் கேட்டது.

பாட்டில் தீர்ந்து ஊசியை எடுத்த கையோடு, மேனேஜர் இறங்க வேண்டும் என்று அடம் பிடித்தாராம். தெய்வாத்தாள் இடுப்பில் கை கொடுத்து இறக்கிவிட்டார். பதினொரு வருடமாகக் கடையில் அந்தக் குரல் பாடுகிற பக்கம்தான் அவர் போயிருக்கிறார், இங்கேயும் போனார். வட்டத்துக்குள் நுழைந்து, டக், டக், டக். பின்னங்கால் மேலே போயிற்று. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். தெய்வாத்தாள் வருகிறாரா என்று பார்த்திருப்பார். ஆனால் பின்னால் நூறு பேர் அதேபோல ஒற்றைக்காலில் நின்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

நித்யஸ்ரீதான் முதலில் பார்த்தாள். நாயின் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு பரவியது. அன்றைக்கு மேனேஜர் தூக்கியது இடது. வட்டம் தூக்கியிருந்தது வலது. அடுத்த சுற்றில் நித்யஸ்ரீ இடதுகாலைத் தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். மேனேஜர் மூன்றடி வைத்து நிற்க, வட்டமும் நின்றது. அவர் நடக்க, நடந்தது. கொஞ்ச நேரத்தில் மேளமே அவரைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தது. காளிச்சாமி பாடினார். எந்த வரியைப் பாடினார் என்று அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. அடி மட்டும் பிசகவில்லை.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். ஊரே நேரில் பார்த்துவிட்டது. செப்பேட்டுக்கு இனி மரியாதை ஏது என்று ஐயாசாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேடையேறி மைக் முன்னால் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா பெரியோர்களே, தாய்மார்களே. வாத்தியார் கடையில நின்னு பழகறதப் பாத்துப் பாத்து, வாயில்லாச் சீவன் ஒண்ணு நம்ம நானூறு வருசத்துக் கலையக் கத்துக்கிட்டிருக்குது. நம்ம பசங்களுக்கு இது வருதுங்களா? ஒரு நாய் கத்துக்கிச்சு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் பேரனின் மண்டையில் ஒருவர் தட்டி, "பாத்துக்கடா" என்றார். காளிச்சாமியின் கையில் இன்னொரு மைக் இருந்தது. அது ஆன் ஆகியும் இருந்தது. அவர் மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது. ஒரு வார்த்தை போதும். அவர் வாயைத் திறந்தார்.

அந்த நேரத்தில் ஐயாசாமி கீழே இறங்கி வந்தார். வாத்தியாருக்கு என்று வைத்திருந்த ஜரிகைத் துண்டை விரித்து, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, மேனேஜரின் முதுகில் போர்த்தினார். ஊர்ப் பெரியவர்களுக்குப் போர்த்துவது போலவே, ஓரத்தைச் சரிசெய்து. மேனேஜர் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு அங்கேயே படுத்துவிட்டார்.

காளிச்சாமி வாயை மூடி, மைக்கை அணைத்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேனேஜரை வண்டிக்குத் தூக்கிப்போகையில், பக்கத்தில் போய்க் கேட்டேன். "ஏனுங்க, சொல்லியிருக்கலாமல்லங்க?"

"துண்டு போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சுங்க. காரணம் என்னமோ இருந்துட்டுப் போகுது."

நித்யஸ்ரீ பின்னாலேயே வந்தாள். கையில் தண்ணீர்ப் பாட்டில். மூடியில் ஊற்றி மேனேஜரின் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"மாமா, இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க இன்னும் நல்லா ஆடியிருப்பமுங்க."

"நாய்னு சொன்னா ஆட மாட்டீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க அம்மணி."

"நல்லாச் சொன்னீங்க போங்க. செப்பேடுன்னாங்களே, அதுக்குத்தானுங்க இத்தன நாளும் பயந்து பயந்து ஆடுனோம்."

மேனேஜர் இரண்டு மூடி தண்ணீர் குடித்தார். அன்று அவர் வாய்க்குள் போனது அதுதான். தெய்வாத்தாள் துண்டை எடுத்து மடிக்கப் போனார். காளிச்சாமி வேண்டாம் என்று கையைக் காட்டினார். குட்டியானை மெதுவாகக் கிளம்பிற்று.

வதந்தியை விசாரித்தாயிற்று. உண்மைதான். ஆனால் இப்போது அந்த உண்மையை வாங்க ஆளில்லை. போன மாதம் அவிநாசிப் பக்கம் இன்னொரு பந்தியில், கோயமுத்தூரில் ஒரு நாய் கும்மி ஆடுகிறது, பதினாறு அடி தெரியும், காலில் சலங்கை கட்டினால்தான் ஆடும் என்று ஒருவர் சொன்னார். இல்லீங்க, நாய் கற்றுக்கொள்ளவில்லை, நாயிடம்தான் வாத்தியார் கற்றுக்கொண்டார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வதந்தியெல்லாம் நம்பாதீங்க" என்றார்.

பங்குனி போய்விட்டது. சித்திரையும் போய்விட்டது. கிருபாசங்கர் சீட்டைப் பார்த்து, "எப்படியோ இழுத்துப் பிடிச்சிருக்கறாருங்க, எனக்கே தெரியல" என்கிறார். ஜரிகைத் துண்டு நாற்காலி மெத்தைக்கு மேல் விரித்திருக்கிறது. அதில் படுத்துக்கொண்டுதான் மேனேஜர் பில்லுக்குக் கொட்டாவி விடுகிறார். அடுத்த அரங்கேற்றத்துக்குக் காளிச்சாமி புதுப்பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் போயிருந்த அன்று மெஷினைச் சுற்றாமல் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். டக், டக். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

"இப்ப ரெண்டுலயே நிக்கறாருங்க" என்றார். கை மெஷினின் பிடியில் அப்படியே இருந்தது. மூன்றாவது சத்தம் கேட்ட பிறகுதான் சுற்றினார்.

அன்று நான் தேங்காய் பன் வாங்கிப் போயிருந்தேன். டாக்டரையே கேட்டுவிட்டேன், ஒரு விள்ளல் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார். பொட்டலத்தைப் பிரித்தேன். நாற்காலிக்குத் திரும்பியிருந்த மேனேஜர் மூக்கைத் தூக்கினார், வால் நாற்காலியின் கையைத் தட்டியது. தெய்வாத்தாள் வந்து பொட்டலத்தை மறுபடி மடித்து என் கையிலேயே வைத்துவிட்டார்.

"டாக்டர் சரின்னுட்டாருங்க."

"தெரியுமுங்க. எங்கிட்டயும் சொன்னாரு." அவர் மேனேஜரின் மடிந்த காதை நீவிவிட்டார். "நீங்க தாரேன்னு சொன்னது இவருக்கு நெனப்பிருக்குதுங்க. நீங்க வண்டிய நிறுத்துனாப் போதும், தலை தூக்கிப் பாப்பாரு. அது பாக்கியாவே இருக்கட்டுங்க. வாங்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருந்தா, கெளம்பத் தோணாதுல்லங்க."

அவர் டீ வைக்கப் போய்விட்டார்.

பன்னைத் திரும்ப வண்டியில் கொண்டுபோய் வைத்தேன். நான் வண்டியை எடுக்கும்வரை, வாசலுக்கு வந்து படுத்து மேனேஜர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.